வாப்பாவின் மாத்திரையும் சஹன் சோறும்

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வாப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டின் வாடிக்கையாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஃபஜ்ர் தொழுததும் காரைக்காலுக்குப் புறப்படுவோம். நான்கு மணி நேரம் இயந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும். லுஹருக்கு வீடு திரும்பிவிடுவோம், அல்ஹம்துலில்லாஹ். உப்பு, தண்ணீர், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பாஸ்பரஸை மட்டும் நாங்கள் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு வாப்பாவுக்கு உடலெங்கும் அரிப்பு கண்டது. இரவில் உறங்க இயலாமல் முதுகைச் சுவரில் தேய்த்தபடி அமர்ந்திருப்பார்கள். கடற்காற்று என்றோம், சோப்பு என்றோம். உம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்கள். மாதப் பரிசோதனைத் தாளில் மருத்துவர்தாம் விரல் வைத்துக் காட்டினார்: பாஸ்பரஸ் 7.9. நலமாக இருப்பவருக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு 5.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

வாரம் மூன்று முறை சுத்திகரித்தும் ஏன் இப்படி என்று கேட்டோம். அவர் ஒரு கணக்குச் சொன்னார். அன்றாட உணவில் சுமார் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் ஏறத்தாழ 600 உடலில் சேரும், வாரத்துக்கு 4,200. ஒரு முறை டயாலிசிஸில் வெளியேறுவது சுமார் 800. மூன்று முறைக்கு 2,400. எஞ்சியது உடலிலேயே தங்குகிறது. அது நாளடைவில் எலும்பை வலுவிழக்கச் செய்கிறது. இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியவும் காரணமாகிறது. இருதயத்துக்கு ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மிச்சத்தைத் தடுக்கவே கால்சியம் அசிடேட், செவெலமர் போன்ற மாத்திரைகள். அவை இரத்தத்தில் வேலை செய்பவை அல்ல. குடலில் உணவோடு கலந்து, அதிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து, மலத்தோடு வெளியேற்றுபவை. எனவே உண்ணும்போதே விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இராது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. மற்றவற்றை வாப்பா இஷாவுக்குப் பின் மொத்தமாக விழுங்கியிருக்கிறார்கள். காரணம் கேட்டபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நாலு பேரு கை வைக்கிற சஹன்ல உக்காந்துக்கிட்டு, நான் நோயாளின்னு எடுத்துக் காட்டணுமா?” என்றார்கள். விருந்துகளில் தொடங்கிய கூச்சம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

உணவிலும் தவறு செய்திருந்தோம். யாரோ சொன்னார்கள் என்று மீனையும் கறியையும் குறைத்தோம். டயாலிசிஸில் புரதமும் வெளியேறுவதால் அளவான மீனும் முட்டை வெள்ளைக்கருவும் அவர்களுக்கு அவசியமாம். நாங்கள் விலக்கியிருக்க வேண்டியவை வேறு: நோன்பு திறக்கும்போது பேரப்பிள்ளைகள் நீட்டும் கறுப்புக் கோலா, பதப்படுத்திய சாஸேஜ், முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடு. பருப்பிலுள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ பெரும்பாலும் முழுமையாகவே சேர்ந்துவிடும். பொட்டலத்தில் 338 முதல் 341 வரையிலோ 450, 451, 452 என்றோ எண் இருக்கிறதா என்று இப்போது உம்மா கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்கள். கடைக்காரருக்குத்தான் பொறுமை போகிறது.

நோயாளிக்கு அல்லாஹ் நோன்பில் சலுகை அளித்திருப்பதை அல்பகறா அத்தியாயத்தின் 184-ஆம் வசனத்தில் காண்கிறோம். வாப்பா ஃபித்யா கொடுத்துவிடுகிறார்கள். ஆயினும் இஃப்தாரில் எங்களோடு அமராமல் இருந்ததில்லை. இந்த ரமளானில் சிறு கோப்பைக் கஞ்சியோடு மாத்திரையையும் வைத்தோம். ஷவ்வாலில் நடந்த ஒரு நிக்காஹ் விருந்தில் நானா வேண்டுமென்றே அதே சஹனில் அமர்ந்து, முதல் கவளத்துக்குப் பின் மாத்திரையை எடுத்து நீட்டினார். வாப்பா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். எதிரே இருந்த பெரியவர், “எனக்கும் அந்தத் தண்ணியக் கொஞ்சம் தாங்க” என்று தம் சட்டைப் பையைத் தடவினார்.

அரிப்பு குறைந்திருக்கிறது. சென்ற மாதத் தாளில் 5.8. இன்னும் இறங்க வேண்டும்.