கரி ஏறும் நேரம்

"காத்து வர்ற பக்கமா நில்லுங்க தம்பி. இப்பக் கரி போடப் போறேன்."

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ரப்பர் பட்டறை. இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழல்கின்றன. பின் உருளைக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். அந்த வேக வித்தியாசத்தில் சிக்கிய ரப்பர் ஷீட் கிழிபட்டு, நசுங்கி, இளகி, முன் உருளையைத் தோல்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. தேன் நிறம். துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் ஏற்கெனவே உள்ளே போயாயிற்று.

இந்த உருளை மில்லுக்கு முன்னால் நின்ற அண்ணனுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். 25 கிலோ மூட்டையை அவர் வெட்டிய விதத்தை நான் மறக்க மாட்டேன். மூட்டையின் மூலையில் கையகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். குவளையை உள்ளே விட்டு அள்ளி, உருளைக்கு ஒட்டினாற்போலக் கொண்டுபோய், சாய்த்தார். அடுத்த குவளைக்கு முன் மூட்டையின் வாயை மடித்து வைத்தார். ஒவ்வொரு முறையும் மடித்தார். "மேல இருந்து கொட்டுனா பாதி கூரைக்குப் போயிரும். மீதி நம்ம நெஞ்சுக்குள்ள."

மூட்டையில் இருந்த கரி, கார்பன் பிளாக். அதை அடுப்புப் புகைக்கரியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். இரண்டும் வேறு. புகைக்கரியில் தாரும் சாம்பலும் கலந்து கிடக்கும். இது 97 சதவீதத்துக்கு மேல் கார்பன். கனத்த எண்ணெயை உலைக்குள் பீய்ச்சி, போதாத காற்றில் அரைகுறையாக எரித்து, சரியான நொடியில் தண்ணீர் அடித்து வினையை நிறுத்தி, துணிப்பைகளில் வடிகட்டி எடுக்கிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இதற்கான ஆலைகள் உண்டு. தூள் பறக்காதிருக்கக் கடுகுபோல உருட்டித்தான் மூட்டையில் வருகிறது. ஆனால் விரலிடுக்கில் அழுத்தினால் அந்தக் கடுகு மாவாகிவிடுகிறது.

அண்ணன் போட்டது என்330 ரகம், எச்.ஏ.எஃப். என்பது அதன் பழைய பெயர். அதன் ஒரு துகள் சுமார் 30 நானோமீட்டர். ஒரே ஒரு கிராமை விரித்தால் பரப்பு ஏறத்தாழ 75 சதுர மீட்டர், இரண்டு படுக்கையறை வீட்டின் தரை அளவு. அத்தனை பரப்பிலும் ரப்பர் இழைகள் பற்றிக்கொள்வதால்தான் டயர் தேயாமல் ஓடுகிறது. 1904இல் இங்கிலாந்தின் சில்வர்டவுனில் எஸ். சி. மோட் என்பவர் இந்த வலுவூட்டலைக் கண்டறிந்தார். அதற்கு முன் டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன. இன்று உலகில் செய்யப்படும் கார்பன் பிளாக்கில் பெரும்பங்கு டயருக்குள்தான் போகிறது. மிச்சம் செருப்பு, ஹோஸ், பெயின்ட், அச்சு மை, வெயிலில் கிடந்தாலும் வெடிக்காத கறுப்புத் தண்ணீர்க் குழாய்.

தேன் நிறம் கலங்கி, சாம்பலாகி, கறுத்தது. உருளையிடுக்கில் நுழையாத தூள் கீழே தட்டில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதைக் கூட்டி எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். விட்டால் கலவையின் கணக்கு தப்பிவிடும். தூசு அதிகம் எழுவது அப்போதுதான். இளைஞன் ஒருவன் துடைப்பத்தை எடுக்க, அண்ணன் அதட்டினார்: "டேய், பிரஷ்ஷை எடு. மெதுவா இழு." ஏர் ஹோஸை உடம்பில் அடித்துச் சுத்தம் செய்வதையும் அவர் யாருக்கும் அனுமதிப்பதில்லை. அது மிகச் சரி. சட்டையில் இருக்கும் தூசு அப்படியே மூச்சுக்கு வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கார்பன் பிளாக்கை 2பி பிரிவில், 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்று வைத்திருக்கிறது. எலிகளிடம் சான்று உண்டு. மனிதரிடம் கிடைத்த சான்று போதாது. அதைக் காரணம் காட்டி முகமூடியைத் தள்ளிப்போடுவது நியாயமே இல்லை. பல காலம் தூசை இழுத்த நெஞ்சு தளரும், இருமல் நிற்காது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பின் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 3.5 மில்லிகிராம். இந்தப் பட்டறைக் காற்றை யாரும் அளந்ததில்லை.

நெருப்பைப் பற்றியும் அண்ணன்தான் சொன்னார். முன்பு வேறோர் இடத்தில் வெல்டிங் பொறி ஒன்று மூட்டைமேல் விழுந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. மறுநாள் காலையில் மூட்டையைத் தூக்கியவன் கை வெந்துவிட்டது. கார்பன் பிளாக் அப்படித்தான் உள்ளுக்குள்ளேயே கனலும். கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். சந்தேகப்பட்ட மூட்டையைத் தனியே வைத்து இரண்டு நாளாவது கவனிக்க வேண்டும்.

வேலை முடிந்தது. அண்ணன் கழுத்திலும் முழங்கையிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டார். வெறும் தண்ணீர் இந்தக் கரியில் ஒட்டாது. கண்ணிமை ஓரம் மட்டும் மை தீட்டியதுபோல மிச்சமிருந்தது. வேலைச்சட்டையைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிட்டார். "வீட்ல பேத்தி இருக்கு. இத அவ துணியோட ஊறப் போட மாட்டோம்."

பட்டறையில் இரண்டு மில்கள். தூசு உறிஞ்சும் கூண்டு ஒன்றின்மேல்தான் இருக்கிறது. அண்ணனுடைய மில்லின்மேல் இல்லை. கிளம்பும்போது முதலாளியிடம் அதைக் கேட்டேன். செய்துவிடலாம் என்றார். எப்போது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, தை மாதம் என்றார். அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். தையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.