பனங்காட்டில் காத்திருந்தவர்கள்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்கள் வேறு எதில் தவறினாலும் திசையில் தவறமாட்டார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளம் தொனித்ததும் எழுந்து உட்கார்ந்தால் நேரே அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பாள் ஆச்சி. ஊரில் எந்த அடக்கம் நடந்தாலும் குழியருகே போய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில், நாசரேத்தை அடுத்த பனங்காட்டு ஊர்களில் ஒன்று எங்களுடையது. கோயில் என்றால் அங்கே சர்ச்சுதான். குருவானவர் ஐயர், அவருக்கு அடுத்தவர் உபதேசியார், மணி அடிப்பவர் கோயில்பிள்ளை. கார்த்திகை மழை ஓய்ந்து கடம்பாகுளம் நிரம்பிக் கிடக்கும் டிசம்பர் மாதத்தில் பீடத்தின் விரிப்பு ஊதா நிறத்துக்கு மாறும். திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது என்று அதை வைத்துத்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்வோம். எங்கள் மனம் முழுக்கப் புதுச் சட்டையிலும் முறுக்கிலும் இருக்கும். ஐயரோ தொழுவத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். வருகையின் இரண்டாம் ஞாயிறில் அவர் வாசிப்பது லூக்கா 21-ஆம் அதிகாரம்: சூரியனிலும் சந்திரனிலும் தோன்றும் அடையாளங்கள், கடலின் இரைச்சல், மேகத்தின்மேல் வரும் மனுஷகுமாரன். ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் அந்த ஞாயிறுக்கென்று நூற்றாண்டுகளாக வைத்திருந்த பகுதி அது. பிறந்த பாலகனைக் கொண்டாடப் போகும் மாதத்தில் உலக முடிவை ஏன் வாசிக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு முறை வந்தவர் மறுபடியும் வருவார் என்பதால்தான் முதல் வருகையைக் கொண்டாடுவதற்கே பொருள் உண்டு என்று திருச்சபை எண்ணியிருக்கிறது. இன்றைய டிசம்பர்களில் அந்தப் பாதி மறைந்துபோனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆச்சியிடம் ஒருநாள் கேட்டேன், "எப்ப ஆச்சி வருவாரு?"

"அது பிதாவுக்கு மட்டுந்தாம்லே தெரியும். ஒனக்கு எதுக்கு அது? போய் அரிக்கேன் சிம்னியத் தொடச்சு வையி."

அவள் பேச்சில் பயமே இருக்காது. வர வேண்டியவர் வரப்போகிறார், அவ்வளவுதான். தாத்தாவும் அப்படித்தான். இன்றிரவே ஆண்டவர் வந்தாலும் வரலாம் என்று குடும்ப ஜெபத்தில் சொல்கிற மனிதர், மழைக்காலம் வந்தால் கடவப் பெட்டியில் பனங்கொட்டைகளைச் சுமந்துகொண்டு வரப்போரமாக ஊன்றிக்கொண்டே போவார். பனை பாளை விட்டுப் பதனீர் தர பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அவருக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல். இந்த இரண்டும் அவருக்குள் எப்படிச் சேர்ந்திருந்தன என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெசலோனிக்கேயில் சிலர், ஆண்டவர் வரப்போகிறாரே என்று வேலையை விட்டுவிட்டு ஒழுங்கற்றுத் திரிந்தார்களாம். அவர்களைப் பவுல் கண்டித்து எழுதிய நிருபத்தைத் தாத்தா மனப்பாடமாய்ச் சொல்லுவார். அதுவே அவருக்குப் போதுமான விளக்கமாக இருந்திருக்கும்.

எங்கள் வட்டாரமே அப்படி வேலை செய்துகொண்டே காத்திருந்த வட்டாரம். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-ல் நாசரேத்துக்கு வந்த மர்காஷிஸ் ஐயர், அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பள்ளியும் தொழிற்பயிற்சியும் ஆஸ்பத்திரியுமாக ஊரை உருவாக்கி, 1908-ல் காலமானார். தெற்கே இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய கோயில் முடிய முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1847-ல் தொடங்கி 1880-ல் பிரதிஷ்டை. கர்த்தர் சீக்கிரம் வருகிறார் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்தவர்கள்தாம் அவ்வளவு நிதானமாகக் கல் அடுக்கினார்கள்.

காத்திருப்பதில் எல்லாரும் ஒன்றுபோல் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மூக்குப்பீறிக்கும் பிரகாசபுரத்துக்கும் நடந்தே போய்விடலாம். அங்கே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் குடும்பங்கள் இருந்தன. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், மிஷனெரிமாரின் அதிகாரத்தோடு முரண்பட்டு, 1857-ல் இந்துக் கிறிஸ்தவ சபை ஒன்றைத் தனியாக நிறுவினார். வெள்ளைக்காரப் பழக்கங்கள் வேண்டாம், வேதத்தில் உள்ளபடி ஏழாம் நாளே ஓய்வுநாள் என்று நின்றவர். எபிரேயம் கற்ற பனைநாட்டு மனிதர்! அவரைப் பற்றி எங்கள் கோயிலில் யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. பேசியிருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த ஓய்வுநாள்காரர்களைத் தேடி ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வெண்டிஸ்ட் மிஷனெரி வந்தார். பிரகாசபுரத்தில் இன்றும் அவர் பேரில் பள்ளி நடக்கிறது. அந்தச் சபை பிறந்த கதையே காத்திருப்பின் கதை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்திலிருந்து கணக்குப் போட்டார்; 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்ற நம்பிக்கை அவரைப் பின்பற்றியவர்களிடம் உறுதியாகிவிட்டது. அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்களும் உண்டு. நாள் விடிந்தது, வந்தவர் யாருமில்லை. அந்த ஏமாற்றத்தில் சிதறாமல் மறுபடி வேதத்தைத் திறந்தவர்களின் வழிவந்ததுதான் ஏழாம்நாள் அட்வெண்டிஸ்ட் சபை. தேதி குறிப்பதை அவர்கள் விட்டார்கள், எதிர்பார்ப்பை விடவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அந்தத் தெருவில் வேலையெல்லாம் நின்று வீடுகள் அமைதியாவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியவர்கள் வாதத்துக்குப் போவார்கள். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரிலும் இதுவே நடந்தது. வித்வான்குட்டி என்று பேர்பெற்ற யுஸ்துஸ் ஜோசப், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிக்கக் குருவானவராக ஆனவர். எழுப்புதலின் வேகத்தில் அவரும் அவரோடிருந்தவர்களும் 1881-ல் கர்த்தர் வருவார் என்று அறிவித்தார்கள். ஆண்டு கடந்தது. மணவாளன் ஏன் தாமதிக்கிறார் என்று உருகிக் கேட்கும் அவருடைய பாட்டை மட்டும் மலையாளச் சபைகள் இன்றுவரை பாடிக்கொண்டிருக்கின்றன. பொய்த்துப்போன தேதியைச் சொன்ன அதே மனிதரிடமிருந்துதான் அந்தப் பாட்டும் பிறந்தது. அந்தக் கூட்டத்தாரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

பயம் எங்களுக்குள் வந்தது கன்வென்ஷன் பந்தல் வழியாகத்தான். நீளமான துணியில் வரைந்த படம், ஏழு தலை மிருகம், இரகசிய வருகை. படுக்கையில் இருவர் இருந்தால் ஒருவர் எடுக்கப்படுவார், மற்றவர் விடப்படுவார். அதைக் கேட்ட வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதிக்கிறது, ஆளில்லை. எல்லாரும் போய்விட்டார்கள், நான் விடப்பட்டேன் என்று நெஞ்சு அடைத்துப்போனது. ஓடினேன். கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் கூப்பனி இறக்குவதற்கு ஆள் போதாமல் அம்மாவும் ஆச்சியும் அங்கே நின்றார்கள். ஆச்சி என் அழுகையின் காரணத்தைக் கேட்டதும் கோபப்பட்டது என்மேல் அல்ல. "பிள்ளைகள நடுங்க வைக்கத்தான் அவரு வாராரா?" என்றாள். பல ஆண்டுகள் இறையியல் நூல்களைப் புரட்டிய பிறகும் அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் சந்திக்கவில்லை.

ஆதிச் சபையார் 'மாரநாதா' என்று கூப்பிட்டது நடுக்கத்திலா? ஆண்டவரே வாரும் என்பது அன்புள்ளவர்கள் கூப்பிடும் குரல். துன்பப்பட்டவர்கள் நியாயம் கேட்கும் குரலும்கூட. பஞ்சத்தையும் காலராவையும் கண்ட எங்கள் முன்னோருக்கு நியாயத்தீர்ப்பு என்ற சொல் ஆறுதலாக ஒலித்திருக்கும். வட்டிக்காரனுக்கும் வரிக்காரனுக்கும் மேலே ஒரு நியாயாதிபதி வருகிறார் என்பது அவர்களுக்கு நற்செய்தி. வசதியாக வளர்ந்த நாங்கள்தான் அதைக் கேட்டுப் பயந்தோம்.

ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து மெழுகுவர்த்திகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். முந்தின நாளே சுண்ணாம்படித்துப் பூ வைத்த கல்லறைகள். மரித்தோரையும் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தே ஐயர் ஜெபிப்பார். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முந்தி எழுவார்கள் என்று பவுல் எழுதியிருப்பதால், வரிசையில் ஆச்சிகளுக்கும் தாத்தாக்களுக்கும் பிறகுதான் நாம் என்பார்.

இப்போது ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பனையேற ஆளில்லை. பெத்லகேமுக்கு அருகே எங்கேயாவது குண்டு விழுந்தால் போதும், கைபேசியில் யாராவது ஒருவர் புதுத் தேதி கணக்கிடுகிறார். அந்தக் குண்டில் இறந்தவர்களின் பேரைக்கூட அவர் சொல்வதில்லை. அந்தக் காணொளிகளை எனக்கு அனுப்பும் உறவினர்களுக்கு நான் எழுதும் பதில் ஒன்றுதான்: ஊருக்குப் போனால் தாத்தா ஊன்றிய பனைகளைப் பாருங்கள், வரப்பில் அவை காய்த்து நிற்கின்றன, கொட்டை பொறுக்கி நாலு ஊன்றிவிட்டு வாருங்கள்.