மலிவு விமானத்தில் பாரிஸுக்கு!

ரோமிலிருந்து பாரிஸுக்குப் பறக்க, சில நாட்களில் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவே போதும்! எப்படிக் கட்டுப்படியாகிறது என்கிறீர்களா? இறங்கிய விமானம் 25 நிமிஷத்தில் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது ரையன்ஏர் கம்பெனியின் கணக்கு. உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். மூட்டையில்தான் விஷயமே இருக்கிறது! 40-க்கு 30-க்கு 20 சென்டிமீட்டர் பை ஒன்றுதான் இனாம். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம், காப்பிக்கும் காசு. நாற்காலியோ சாயாது.

'பாரிஸ் போவே' விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நகரம் சுமார் 85 கிலோமீட்டர்! பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல் ஆகும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாலோ, டாக்ஸிக்காரர் கேட்பது டிக்கெட்டைப் போலப் பல மடங்கு.

ஆகவே டிக்கெட், பெட்டி, பஸ் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். வழியில் ஆல்ப்ஸ் பனிமலை தெரிந்தால், அதற்கு மட்டும் கட்டணம் கிடையாது!