மூணா வகு

முப்பதைத் தாண்டிய நண்பர்கள் சந்திப்பதற்குப் பெரிய தடை அன்பு குறைந்துபோவது அல்ல, லீவு கிடைக்காததுதான். காலேஜில் ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்த மூன்று பேரில் ஒருவன் இப்போது பெர்லினில், ஒருவன் துபாயில், நான் பெங்களூரில். ஏறக்குறைய நடுவில் இருக்கிறதே என்று இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போட்டோம். போட்ட இரண்டாவது மாதம் பெர்லின்காரனுக்கு வேலை போனது. கேன்சல் செய்தால் பணம் திரும்பாது. "வீட்ல உக்காந்து லிங்க்ட்இன் பாக்கறதுக்கு அங்க வந்து சாப்பிடலாம்டா" என்று வந்துவிட்டான்.

காலையில் ஒரு சந்துக்கடை. தக்காளியும் மிளகாயும் வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றிய மெனெமென். நம்மூர் முட்டைப் பொடிமாஸை இறுகவிடாமல் இறக்கியது போல இருந்தது. கூடவே ஆலிவ், வெள்ளைச் சீஸ், தேன் ஊற்றிய பாலாடை, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் பால் கலக்காத டீ. பெர்லின் கபாப் கடைகளில் பொறுக்கிய துருக்கிய வார்த்தைகளை வைத்து அவன்தான் ஆர்டர் கொடுத்தான். பில் வந்ததும் துபாய்க்காரன் கார்டை நீட்டிவிட்டான். இவன் ஒன்றும் பேசாமல் ஸ்ப்ளிட்வைஸைத் திறந்து தொகையை ஏற்றி, மூன்றாக வகுத்தான்.

அடுத்து ஹாகியா சோஃபியா. 537இல் தேவாலயமாகத் திறந்தது. இருபது வருடம் கழித்து, 558இல், குவிமாடம் இடிந்து விழ, முன்பைவிட உயரமாக எழுப்பினார்கள். 1453இல் பள்ளிவாசல், 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடி பள்ளிவாசல். வெளிநாட்டுப் பயணிகள் மாடத்துக்கு ஏறிப் பார்க்க 25 யூரோ.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வெளிய இருக்கேன்" என்றான்.

"நான் போடறேன்டா."

"வேணாம்டா."

அதற்குமேல் யாருக்கும் பேச வரவில்லை. மூன்று பேரும் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். "சுலைமானியேவுக்குப் போலாம். அங்க டிக்கெட் கிடையாது, பக்கத்துல பீன்ஸ் கடையும் இருக்கு" என்றேன்.

"எனக்காகவா?"

"இல்லடா, பசிக்குது."

அது உண்மையும்கூட.

கிராண்ட் பஜாரை ஒட்டி நடந்து மேடேறினால் சுலைமானியே. 1557இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய சினான் அதே வளாகத்தின் மூலையில், சின்னக் கல்லறை ஒன்றில் இருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கம்பளத்தில் உட்கார்ந்து 53 மீட்டர் உயரக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தோம். பள்ளிவாசலோடு சேர்த்து மதரசாக்கள், மருத்துவமனை, பொதுச் சமையற்கூடம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். மாணவர், ஊழியர், வழிப்போக்கர், ஏழை என்று பலருக்கும் அந்தக் கூடத்திலிருந்துதான் சாப்பாடு. வேலை பார்ப்பவனும் இல்லாதவனும் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பள்ளிவாசலுக்கு எதிர் வரிசையில் பீன்ஸ் கடைகள். வெண்ணெயும் தக்காளியும் சேர்த்துக் குழைய வேகவைத்த வெள்ளை பீன்ஸ், ஒரு தட்டு சோறு, ஊறுகாய். பாதித் தட்டில் அவனே ஆரம்பித்தான்.

"வேலை போனதுலேருந்து எல்லாரும் எனக்கு வாங்கிக் குடுக்கறாங்க. அது தப்பில்ல. ஆனா வாங்கிக் குடுடான்னு ஒருத்தன்கூட கேக்க மாட்டேங்கறான்."

எங்களிடம் பதில் இல்லை. உதவி என்றால் கொடுப்பது என்றே பழகியிருக்கிறோம். கையில் காசு குறைந்தவனிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் அவனுக்குச் செய்கிற மரியாதைதான் என்று அப்போது தோன்றியது. ஹாஸ்டலில் இது எங்களுக்குத் தெரிந்திருந்தது. மாதக் கடைசியில் எவனிடம் பத்து ரூபாய் இருக்கிறதோ, அவன் டீ வாங்குவான். மற்ற இருவரும் கூச்சமே இல்லாமல் வடையும் கேட்போம். சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம்.

இந்த முறை பில்லை யாரும் பிடுங்கவில்லை. மூணா வகுத்தோம்.

சாயங்காலம் எமினோனுவிலிருந்து காதிக்கோய்க்குப் படகு. ஐரோப்பாவில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஆசியா. கடல்காகங்கள் கூடவே பறந்து வந்தன. துபாய்க்காரன் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்: "டேய், டீ வாங்கிக் குடுடா. அந்த எள்ளு போட்ட வளையமும் வாங்கு."

பெர்லின்காரன் அவனை ஒரு நொடி பார்த்தான். பிறகு எழுந்து போய் மூன்று டீயும் மூன்று சிமிட்டும் வாங்கிவந்தான். அவனுடையதில் பாதி காகங்களுக்குப் போனது.

அந்தச் செலவை அவன் ஆப்பில் ஏற்றவில்லை. நாங்களும் எவ்வளவு என்று கேட்கவில்லை.