மனச்சான்று யார் தந்த பாடம்?

“மனச்சான்று சொன்னபடி நடந்தேன்” என்று மார்தட்டுவோர் பலர். அந்த மனச்சான்றுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் யார் என்று கேட்போர் சிலர். கேட்டே தீரவேண்டும் என்று நம்மைத் தூண்டியது ஒரு நாவல்: அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் தீட்டி, 1884 இல் இங்கிலாந்திலும் 1885 இல் அமெரிக்காவிலும் வெளிவந்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’.

உத்தமபாளையத்தில், மாலைவேளைகளில் கூடிப் படிக்கும் நமது சிறு வட்டத்தில், ஒரு திங்கள் முழுதும் அதனைப் படித்தோம், வாதிட்டோம். “சிறுவர் கதைதானே!” என்று தொடங்கியவர்கள், முடிக்கும்போது தத்தம் வீட்டுத் திண்ணையைப் பற்றிப் பேசினர்.

கதை எளிது. குடிகாரத் தந்தையின் அடிக்குத் தப்பிய சிறுவன் ஹக். தன்னை 800 டாலருக்கு விற்க எசமானி எண்ணுகிறாள் என்று கேட்டு ஓடிவந்த கறுப்பின அடிமை ஜிம். இருவரும் மிசிசிப்பி ஆற்றில் ஒரே தெப்பத்தில் செல்கின்றனர். வழியில் சேர்ந்த எத்தர்கள் ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிடுகின்றனர். அப்போது ஹக்கின் மனச்சான்று அவனைக் குத்துகிறது. எதற்காக? நண்பன் விற்கப்பட்டானே என்றா? இல்லை! பிறர் உடைமையான அடிமை தப்பியோடத் துணைநின்றோமே என்று! எசமானிக்குக் காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுதுகிறான். பாவம் கழுவப்பட்டதுபோல் மனம் லேசாகிறது. பிறகு, தன்னைத் தூங்கவிட்டு இரவெல்லாம் கண்விழித்துத் தெப்பம் காத்த ஜிம்மின் முகம் நினைவில் எழுகிறது. நரகமே கிடைப்பினும் கிடைக்கட்டும் என்று கடிதத்தைக் கிழித்தெறிகிறான்.

“நல்லதைச் செய்தவன் தன்னைப் பாவி என்று நம்புவானேன்? ஆசிரியர் அவனை ஒரு புரட்சி வீரனாக்கியிருக்கலாகாதா?” என்று கேட்டார் இளந்தோழர் ஒருவர். அங்கேதான் இருக்கிறது நாவலின் உயிர். அடிமைமுறை தவறு என்று அறிந்தவனுக்குக் கடிதம் கிழிப்பது எளிது. சரி என்று நம்பிக்கொண்டே கிழிக்கிறானே, அப்போது குற்றவாளிக் கூண்டில் ஏறுவது சிறுவன் அல்ல. அவனுக்கு நரகத்தைக் காட்டி நீதி புகட்டிய சமுதாயம்!

ஆயினும், இரக்கம் மட்டும் போதுமா? போதாது என்பதையும் காட்டுகிறார் ட்வைன். கடிதத்தைக் கிழித்த அதே ஹக், சாலி அத்தையிடம், நீராவிப் படகில் விபத்து என்று ஒரு பொய் சொல்கிறான். யாருக்கேனும் அடிபட்டதா என்று பதறுகிறாள் அவள். கறுப்பன் ஒருவன் செத்ததைத் தவிர வேறில்லை என்கிறான் அவன். நல்லவேளை என்று ஆறுதல் கொள்கிறாள் அந்த அன்பு நிறைந்த அத்தை! ஒரு ஜிம்மை மனிதன் என்று கண்ட கண்ணுக்கு, மற்ற கறுப்பர் இன்னும் மனிதராகவில்லை.

சாலி அத்தை அமெரிக்காவில் மட்டுமா இருக்கிறாள்? பசித்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியறியாதவர் நம் பாட்டியார். அதே கை, வயலில் உழைத்து வந்தவருக்குச் செம்பைத் தராது, உயரத் தூக்கிக் குவித்த கைகளில் நீரை ஊற்றியது. கொடுமை செய்கிறோம் என்ற எண்ணம் கடுகளவும் இல்லை. கடமை செய்கிறோம் என்ற நிறைவு! அந்தக் கையைப் பழித்துப் பயனில்லை. அதை ஆட்டிவைத்த பாடத்தை அன்றோ ஒழிக்கவேண்டும்!

ட்வைனும் இதைத் தம் வாழ்விலேயே கண்டவர். 1896 இல் பம்பாய் வந்தபோது, விடுதியில் வெள்ளையர் ஒருவர் இந்தியப் பணியாளரை அறைவதைப் பார்த்தார். உடனே தம் இளமைக்கால மிசௌரி நினைவுக்கு வந்தது என்றும், பண்பாளரான தம் தந்தையும் அடிமைச் சிறுவனை அற்பத் தவறுகளுக்கு அடித்ததுண்டு என்றும் எழுதினார்.

அந்நாவல் வெளிவருமுன்பே, 1865 இல், அடிமைமுறை அமெரிக்கச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. பின் ஏன் எழுதினார்? சட்டம் செத்தாலும் அது வளர்த்த மனச்சான்று சாவதில்லை! இங்கும் 1950 முதல் அரசியல் சட்டத்தின் 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. உயர்ந்த செம்பு தானாகத் தாழ்ந்ததா?

ஆறு விடுதலையின் சின்னம் என்பர் திறனாய்வாளர். பாதி உண்மை. தெப்பத்தில் இருவரும் சமம், மறுப்பில்லை. ஆனால் கெய்ரோ எனும் ஊரில் இறங்கி, ஒஹையோ ஆற்று வழியே அடிமையற்ற மாநிலம் சேர்வதே அவர்கள் திட்டம். மூடுபனியில் ஊர் தவறுகிறது. அதன்பின் அதே ஆறு, ஜிம்மை அடிமைத்தனம் நிறைந்த தெற்குக்கே இழுத்துச் செல்கிறது. ஆறு எவரையும் விடுவிப்பதில்லை, ஓடுகிறது, அவ்வளவே. நம் பள்ளத்தாக்கு அறியாத உண்மையா இது? மேற்குக் கடலுக்கு ஓடிய பெரியாற்று நீரை, 1895 இல் அணையிட்டு, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியது வேண்டுதலா? அறிவும் உழைப்பும் அன்றோ!

தோழர்களே! இரக்கம் ஒருவனைக் காக்கும். பகுத்தறிவே முறையை ஒழிக்கும். “மனம் ஒப்பவில்லை” என்று நம் உள்ளம் முணுமுணுக்கும்போதெல்லாம் கேட்போம்: இது நம் குரலா, நமக்குப் புகட்டப்பட்ட குரலா? புகட்டப்பட்டதெனின், கிழித்தெறிவோம் அந்தக் கடிதத்தை! பாவம் என்ற அச்சத்தோடு அல்ல, நிமிர்ந்த தலையோடு!