கழுதைப்புலியும் ஒரு ஜன்னலும்

சென்ற பொங்கல் விடுமுறையில் பேரன் பிடிவாதத்தால் ஒரு விலங்குக் காட்சிச் சாலைக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் பையன்கள் நல்ல பிள்ளைகள்.

எல்லோரும் புலியைப் பார்க்க ஓடினார்கள். என் முழங்கால் கழுதைப்புலி வரைக்கும்தான் ஒத்துழைத்தது.

பிரெஞ்சு வகுப்பு டிக்டேயில் இந்த மிருகத்தை 'லா இயேன்' என்று எழுதியதற்கு வாத்தியார் அரை மார்க் வெட்டினார். 'லியேன்' என்று சேர்த்து எழுத வேண்டுமாம். இரண்டும் வழக்கில் உண்டு என்று பின்னால் அகராதியில் பார்த்தேன். அந்த அரை மார்க் இன்னும் பாக்கி.

பொதுப்பணித் துறையில் 34 வருஷம் எஸ்டிமேட் ஃபைல் பார்த்தவன் நான். கட்டடத்தைக் கண்டால் மனசு சும்மா இருக்காது. கம்பிக்குப் பதில் அகழி வெட்டியிருந்தார்கள். 1907-ல் ஹாம்பர்க் பக்கத்தில் ஹாகன்பெக் செய்து காட்டிய வழி அது. அகழி, மதில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பாஸ். தப்பு குகையில். சிமெண்ட் குகையின் வாய் நேராக நம்மைப் பார்த்து இருந்தது. இரவில் திரிந்து, பகலில் பாறை இடுக்கிலோ வளையிலோ ஒளிந்து படுக்கும் ஜாதி அது. நீலகிரிக்குக் கீழே சீகூர் காட்டில் இருப்பதும் இதே வரிக் கழுதைப்புலிதான். இங்கே தரை முழுக்கப் பூச்சு, தோண்ட ஒரு பிடி மண் இல்லை. பலகையில் 'சிரிக்கும்' என்று வேறு! சிரிப்பது ஆப்பிரிக்காவின் புள்ளிக்காரன்.

மதிலோரமாகவே அது நடந்தது. ஒரே இடத்தில் திரும்பியது. 22 தடவை எண்ணினேன்.

எண்பதுகளில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன் அறை கட்ட ஃபைல் வந்தது. வரைபடத்தில் ஜன்னல் இல்லை. குறிப்பு எழுதினேன். "உம்மை யாரய்யா கேட்டது?" என்றார் அதிகாரி. குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு ஃபைலை அனுப்பினேன். அந்த அறைக்கு வந்தவர் கோடையெல்லாம் வாசற்படியில் படுத்துக் கிடப்பார். நான் தெருவின் எதிர்ப்பக்கமாகவே போய்விடுவேன்.

வெளியே வரும்போது பார்வையாளர் நோட்டில் எழுதினேன்: குகை வாயைப் பின்பக்கம் திருப்பவும், ஒரு மூலையில் பூச்சை உடைத்து மண் கொட்டவும், பலகையைத் திருத்தவும். கையெழுத்து, முகவரி, தேதி எல்லாம் போட்டேன்.

பேரன் எட்டிப் படித்தான். "தாத்தா, குகையைத் திருப்பிட்டா நமக்குத் தெரியாதே?"

"தெரியாதுடா" என்றேன்.