கணிப்பொறிக்கு இராகம் தெரியுமா?

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது பழமொழி. பதினொன்றாம் வகுப்பு மாணவியரான எங்கள் நால்வருக்கும் அதன் பொருளை உணர்த்தியது ஒரு கணிப்பொறி.

அறிவியல் கண்காட்சிக்காக, மோகனத்தையும் கல்யாணியையும் பிரித்தறிய அதனைப் பழக்கினோம். மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை, ஐந்தே சுரங்கள். கல்யாணியில் ஏழும் உண்டு. எங்களுள் ஒருத்தி மோகனமும் மற்றொருத்தி கல்யாணியும் பாட, பதிவு செய்தோம். பழக்காமல் ஒதுக்கி வைத்திருந்த 20 பதிவுகளைக் கொடுத்தபோது இருபதுக்கும் சரியான விடை! “எங்கள் கணிப்பொறிக்கு இராகம் தெரியும்” என்று அட்டையில் பெரிதாக எழுதிவிட்டோம்.

அதைப் படித்த சிஸ்டர், “கல்யாணி பாடியவளை மோகனம் பாடச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்றார். அவள் பாடினாள். “கல்யாணி” என்றது கணிப்பொறி. அது கற்றது இராகத்தை அன்று, குரலை! எங்கள் முகம் வாடியது.

சிஸ்டர் ஒரு கதை சொன்னார். ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லுமாம். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் அதனை ஆராய்ந்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. அவரது உடலில் தம்மையறியாமல் தோன்றும் சிறு அசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்திற்று.

இசை ஆய்விலும் இக்குதிரை உண்டு. ஜார்ஜ் ட்சானெடாகிஸ், பெரி குக் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய 10 வகை இசையின் 1000 துணுக்குகளைப் பின்னர்ப் பலரும் கையாண்டனர். அவற்றில் ஒரே துணுக்கு திரும்ப வருவதையும், சிலவற்றின் வகை தவறாகக் குறிக்கப்பட்டிருப்பதையும் பாப் ஸ்டர்ம் எடுத்துக்காட்டினார். அவற்றைக் கொண்டு பெற்ற மதிப்பெண் உயர்ந்திருந்தாலும், இயந்திரம் இசையை அறிந்தது என்று அதனால் முடிவு செய்ய இயலாது.

நாங்கள் மீண்டும் தொடங்கினோம். தோழியர் எண்மரை இரு இராகங்களையும் பாடச் செய்தோம். சிலர் குரலால் பழக்கி, அது கேட்டறியாத மற்றவர் குரலால் சோதித்தோம். இருபதில் 13 சரி. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே ஏறத்தாழ 10 சரியாகும்; 13-ம் தற்செயலாக வரக்கூடும்.

அட்டையை மாற்றினோம்: “எங்கள் கணிப்பொறிக்கு இராகம் தெரியும் என்று இன்னும் சொல்ல முடியாது.” பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் தோழியரே, பொய்யான அட்டையின் அருகே பெருமையோடு நிற்காமல் தப்பினோம். அதுவே எங்களுக்கு நிறைவு.